வெடியால ஆட்டத்துக்குக் கிளம்பும் முன்

எங்கள் கம்பெனி செக்கிங் டேபிளில் பத்து நாளாக ஒரே பேச்சுதான். வரப்போகும் ஒரு பெரிய படத்தின் இரண்டாம் பாகத்துக்கு, அதுவும் விடிகாலை முதல் ஆட்டத்துக்கு, யார் யார் போவது, எந்த ஊரில் பார்ப்பது, வண்டி யாருடையது, சூப்பர்வைசரிடம் லீவு கேட்பது யார். திருப்பூரில் பனியன் வேலைக்கு வந்துவிட்டவர்களுக்கு ராத்திரி கண் விழிப்பது புதிதில்லை. ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று நின்றுகொண்டே பீஸ் பார்க்கிறோம். "இதெல்லாம் நமக்கு ஒரு கணக்காங்க்கா?" என்று கேட்கிறாள் புதிதாகச் சேர்ந்த பெண்.

கணக்குதான் கண்ணு. நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை போன நேரத்துக்குப் படமே ஓடவில்லை. இரண்டாம் முறை உயிரோடு வீடு வந்து சேர்ந்தது பெரிது. மூன்றாம் முறைதான் எல்லாம் சரியாக அமைந்தது. அவளிடம் டேபிளில் வைத்துச் சொல்ல நேரம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் முறை 2017. பாகுபலி இரண்டாம் பாகம். முதல் பாகம் 2015 ஜூலையில் வந்து, கட்டப்பா ஏன் கொன்றான் என்ற ஒற்றைக் கேள்வியோடு எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம். கட்டப்பாவாக நடித்த சத்யராஜ் கோயமுத்தூர்க்காரர் என்பதால் எங்கள் வீட்டில் அது சொந்தக்காரர் வீட்டு விவகாரம் மாதிரியே ஆகிவிட்டது. சினிமாவே பார்க்காத எங்கள் அத்தை கூட, "அவரு தப்பு செஞ்சிருக்க மாட்டாருங்கண்ணு, ஏதோ காரணம் இருக்கும்" என்று கட்டப்பாவுக்காகப் பேசுவார்.

ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை. வெடியால ஐந்து மணி ஆட்டம். (விடிகாலையை எங்கள் பக்கம் வெடியால என்போம்.) என் கொழுந்தனார்தான் தெரிந்தவர் மூலமாக ஐந்து டிக்கெட் வாங்கியிருந்தார். நாலரைக்கே தியேட்டர் வாசலில் நின்றோம். நோம்பி (ஊர்த் திருவிழா) மாதிரி இருந்தது. தப்பட்டை அடிக்கிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள், கேட் மட்டும் திறக்கவில்லை. ஐந்து மணி, ஆறு மணி, ஏழு மணி. ஒருவரும் வெளியே வந்து என்ன ஏது என்று சொல்லவில்லை. தமிழ்நாடு முழுக்கவே அன்றைக்குக் காலைக் காட்சிகள் நின்றுபோயிருந்தன. மேலே ஏதோ பணப் பஞ்சாயத்து என்று அப்புறம் செய்தியில் பார்த்தோம். எங்களுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் சித்திரை வெயில் ஏறுகிறது, கேட்டுக்கு உள்ளேதான் பாத்ரூம் இருக்கிறது, கேட் பூட்டியிருக்கிறது என்பதுதான்.

ஆண்கள் சந்துப் பக்கம் போய்விட்டு வந்துவிடுவார்கள். நாங்கள் என்ன செய்வது? என் ஓரகத்தியும் நானும் கடைசியில் எதிர்த் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினோம். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, "உள்ளார வாங்க சாமி, இதுக்கென்ன கூச்சம்" என்று கூட்டிப்போனார். காப்பியும் போட்டுக் கொடுத்தார். அவர் இல்லையென்றால் அன்றைக்கு நாங்கள் படம் பார்க்காமலே திரும்பியிருப்போம். பதினோரு மணிக்கு மேல்தான் ஆட்டம் ஆரம்பித்தது. அதற்குள் கொழுந்தனார் ஷிப்டுக்குப் போயாக வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கும் டிக்கெட் வாங்கியவர் அவர், படத்தைப் பார்க்காதவரும் அவர்தான். அது எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

பிற்பாடு எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு தியேட்டர் ஆபரேட்டர் அண்ணா விளக்கினார். முன்பு பிலிம் பெட்டி வந்தால்தான் படம். இப்போது படம் முன்கூட்டியே தியேட்டர் சர்வரில் ஏறிவிடுகிறது, ஆனால் பூட்டிய நிலையில். அதைத் திறக்கிற சாவியை கேடிஎம் என்கிறார்கள். ஒவ்வொரு தியேட்டரின் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக வரும், மெயிலிலேயே வந்துவிடும். இத்தனாம் தேதி இத்தனை மணியிலிருந்து என்று நேரமும் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். அந்த நேரத்துக்கு முன்னால் என்ன செய்தாலும் படம் திறக்காது. மேலே கணக்கு முடியவில்லை என்றால் சாவி வராது. தியேட்டர்க்காரரும் நம்மைப் போலக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இது தெரிந்த பிறகு எனக்குக் கோபம் பாதி குறைந்தது. ஆனால் வாசலில் நிற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் குறையவில்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, பெரிய படத்தின் முதல் ஆட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கும் என்று நம்பி அன்றைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. அரை நாள் லீவு போதாது, முழு நாள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். டிக்கெட்டை உங்கள் பெயரில், உங்கள் போனில், நேராக புக் செய்யுங்கள். ஆட்டம் ரத்தானால் பணம் தானாகத் திரும்பும். தெரிந்தவர் மூலம் டோக்கன் வாங்கினால், கூடுதலாகக் கொடுத்த பணத்தை யாரிடமும் கேட்க முடியாது. பெண்கள் கிளம்பும்போது வழியில் எந்த பங்க்கில் சுத்தமான பாத்ரூம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அங்கே போய்விட்டுத்தான் தியேட்டருக்குப் போக வேண்டும்.

அப்புறம் அந்தத் தேதி விஷயம். வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12.05 என்று ஆப்பில் போட்டிருந்தால் அது வியாழக்கிழமை ராத்திரி. எங்கள் கம்பெனித் தங்கச்சி ஒருத்தி வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் டிக்கெட்டைச் சரியாகப் பார்த்தாள். ஆட்டம் முடிந்து இருபது மணி நேரம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவள் அழுததைப் பார்த்த பிறகு நான் யார் டிக்கெட் புக் செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த ராத்திரிம்மா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவேன்.

இரண்டாவது முறைக்கு வருவதற்கு முன், நாங்கள் ஏன் பாலக்காடு வரை போனோம் என்று சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 11 அன்று இரண்டு பெரிய படங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்றுக்கு நள்ளிரவு 1 மணிக்கு ஆட்டம், இன்னொன்றுக்கு வெடியால 4 மணிக்கு. சென்னையில் ஒரு தியேட்டர் முன்னால், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த லாரி மேல் ஏறி ஆடிய 19 வயதுப் பையன் கீழே குதித்து, முதுகுத்தண்டில் அடிபட்டு இறந்துபோனான். பத்தொன்பது வயது. எங்கள் கட்டிங் செக்‌ஷனில் அந்த வயதில் எத்தனையோ பையன்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படத்துக்கும் முதல் ஆட்டம் காலை 9 மணி என்றாகிவிட்டது. அந்த வருடம் அக்டோபரில் வந்த பெரிய படம் ஒன்றுக்கு அரசு அனுமதித்ததே காலை 9 மணியிலிருந்து ராத்திரி 1.30 வரை ஐந்து காட்சிகள்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் அதே படம் வெடியால 4 மணிக்கே ஓடியது. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர்ப் பையன்கள் எல்லையில் இருக்கிற வாளையார் பக்கமும் கோபாலபுரம் பக்கமும் வண்டி கட்டிக்கொண்டு போவது இதனால்தான்.

ஒன்பது மணி விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பையனின் அம்மாவை நினைத்தால் வாய் வராது. ஆனால் ஆசைப்பட்ட கூட்டம் நின்றுவிடவில்லை, 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இப்போது ஆபத்து தியேட்டர் வாசலை விட ரோட்டில்தான் அதிகம். அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

இரண்டாவது முறை நாங்கள் பார்க்கப் போன இரண்டாம் பாகத்தின் பெயரைச் சொன்னால் பேச்சு படத்தின் பக்கம் போய்விடும், அதனால் விடுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் அவர் நண்பர் குடும்பமும் நாலு பேர், எங்கள் காரில். வெடியால நாலு மணி ஆட்டம், பாலக்காடு. திருப்பூரிலிருந்து அவிநாசி, நீலாம்பூர், மதுக்கரை, வாளையார் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். அவர் அன்றைக்கு ராத்திரி எட்டரை வரை வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். "கொஞ்ச நேரம் படுங்க" என்றேன். "படுத்தா எந்திரிக்க முடியாது, நேரா கெளம்பிரலாம்" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். அந்த ஒரு சரியை இன்றைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போகிற வழி ஆனந்தமாக இருந்தது. ராத்திரி ஒன்றரைக்கு வாளையார் தாண்டும்போது கணவாய்க் காற்று காரையே தள்ளியது. முன்னும் பின்னும் தமிழ்நாட்டு வண்டிகள்தான், எல்லாவற்றிலும் கொடி, எல்லாவற்றிலும் முதல் பாகத்துப் பாட்டு. பைக்கில் மூன்று பேராகப் போன பையன்களைப் பார்த்து மட்டும் மனசு அடித்துக்கொண்டது. (கேரளாவில் 2023 ஜூனிலிருந்து ரோட்டில் ஏஐ கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள். மூன்று பேர் போனாலும், பின்னால் உட்கார்ந்தவர் ஹெல்மெட் போடாவிட்டாலும் அபராதச் சீட்டு வீடு தேடி வரும். நடு ராத்திரி யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.)

படம் முடிந்து வெளியே வரும்போது ஏழே கால். பாலக்காட்டிலிருந்து கோவை கிழக்குப் பக்கம். அதாவது திரும்புகிற வழி முழுக்கச் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். இதைப் போகும்போது யாரும் யோசிக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணில் காலை வெயில் பட்டால் அது தானாக மூடப் பார்க்கும். கஞ்சிக்கோட்டில் ஒரு டீ குடித்தோம். டீ குடித்தால் தூக்கம் போய்விடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். பின்னால் இருந்த நண்பரும் அவர் மனைவியும் வாளையாருக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார்கள்.

நான் தூங்கவில்லை. அவருக்குத் துணையாகப் பேசிக்கொண்டே வந்தேன். கிளைமாக்ஸ், முதல் பாகத்தில் வந்த அந்தச் சங்கிலி இதில் எங்கே வருகிறது, தங்கச்சி பாத்திரத்தை ஏன் இப்படிச் செய்தார்கள் என்று. அவரும் "ம்" கொட்டிக்கொண்டே வந்தார். மதுக்கரையில் பைபாஸ் ஏறினோம். நீலாம்பூர் வரை 28 கிலோமீட்டர், நடுவில் தடுப்பு இல்லாத ரோடு, எதிரில் லாரி லாரியாக வரும். நான் ஏதோ சொன்னேன். "ம்" வரவில்லை. இன்னொரு தடவை கேட்டேன், வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் அவர் இல்லை. வண்டி மெதுவாக, மிக மெதுவாக வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கத்தினேனா, கையைப் பிடித்து இழுத்தேனா என்று எனக்கு நினைவில்லை. எதிரே வந்த லாரியின் ஹாரன் மட்டும் நினைவிருக்கிறது. அந்த டிரைவர் மண் ரோட்டில் இறக்கி எங்களுக்கு வழிவிட்டார். யாரென்று தெரியாத அந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினோம். அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து, "தூங்கலீன்னுதான் நெனச்சேன்" என்றார். பொய் சொல்லவில்லை. ஒரு வினாடி, இரண்டு வினாடி தூங்குகிறவனுக்குத் தான் தூங்கியது தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. இரண்டு வினாடி என்றால் எங்கள் தெருவில் பாதி.

அந்த மரத்தடியிலேயே கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினோம். மத்தியானம்தான் வீடு வந்தோம். அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் விட்டிருந்த பையன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, "படம் எப்படிம்மா?" என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை.

தூங்காமல் ஓட்டுவதற்கு வழி கிடையாது. பாட்டு சத்தமாக வைப்பது, ஜன்னலைத் திறப்பது, முகம் கழுவுவது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். தூக்கத்துக்கு மாற்று தூக்கம் மட்டுமே. முந்தின நாள் மத்தியானமே மூன்று நாலு மணி நேரம் படுத்துவிட வேண்டும். படம் முடிந்ததும் பார்க்கிங்கிலேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பலாம். இல்லை, வண்டியே வேண்டாம் என்றால் கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலக்காட்டுக்கு பஸ் இருக்கிறது, கோவை ஜங்ஷனிலிருந்து ரயில் இருக்கிறது. முந்தின நாள் சாயந்திரமே போய்ச் சேர்ந்து, திரும்பும்போது பஸ்ஸில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே வரலாம்.

மூன்றாவது முறை நான் வீட்டில் கேட்டபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "டிரைவர் போட்டுப் போ" என்றார். கம்பெனியில் ஐந்து பெண்கள் சேர்ந்தோம். எங்களை வழக்கமாகக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் வேன்கார அண்ணாவிடம் பேசினோம். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: "நீங்க படம் பாக்கக் கூடாதுங்கண்ணா. நாங்க உள்ள இருக்கற நேரம் நீங்க தூங்கோணும்." அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கும் சேத்துத்தான வாடகை வாங்கறனுங்க அம்மிணி" என்றார். தலைக்கு முந்நூறு ரூபாய் கூடுதல் ஆனது. டிக்கெட்டை விட அந்தப் பணம்தான் எனக்கு மதிப்பாகத் தோன்றியது.

இந்த முறை எல்லாவற்றையும் யோசித்துச் செய்தோம். புக் செய்யும்போது மொழியைப் பார்த்தோம். இப்போது பெரிய படங்கள் நாலைந்து மொழியில் வருகின்றன, பாலக்காட்டில் ஒரே தியேட்டரில் ஒரு ஆட்டம் தமிழிலும் அடுத்தது மலையாளத்திலும் இருக்கும். பால்கனியில், நடைபாதை ஓரமாக ஐந்து சீட். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சாதம் கிளறி எடுத்துப்போய் வேனிலேயே சாப்பிட்டோம். வயிற்றுக்குக் கனமில்லை, தாகமும் எடுக்காது. முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி வீட்டில் கூடி முதல் பாகத்தை முழுசாகப் பார்த்திருந்தோம். அதை மட்டும் தவற விடாதீர்கள். வருடக்கணக்கான இடைவெளியில் சின்ன விஷயங்கள் மறந்துபோகும், அந்தச் சின்ன விஷயத்தில்தான் இரண்டாம் பாகத்தில் தியேட்டரே எழுந்து நிற்கும்.

குழந்தைகளை யாரும் கூட்டி வரவில்லை. இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. 2024 டிசம்பர் 4 ராத்திரி ஹைதராபாத்தில் ஒரு இரண்டாம் பாகத்தின் சிறப்புக் காட்சியில், நெரிசலில் சிக்கி ஒரு தாய் இறந்துபோனார். அவருடைய சின்ன மகன் பலத்த அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆசைப்பட்ட பிள்ளைக்காகத்தான் அந்தக் குடும்பம் போயிருக்கும். கேட் திறக்கும்போது முன்னால் போய் நிற்காதீர்கள். நம்பர் போட்ட சீட்டு எங்கேயும் போய்விடாது. ஓரமாகச் சுவர்ப் பக்கம் நின்று, கூட்டம் உள்ளே போன பிறகு போங்கள். முதல் இரண்டு நிமிடம் போனாலும் பரவாயில்லை.

போனை நாங்கள் பைக்குள் போட்டுவிட்டோம். ஸ்டேட்டஸ் வைக்கத் திரையைப் பிடிப்பது சின்ன விஷயம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2023-ல் திருத்திய சட்டப்படி தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம் சிறை, மூன்று லட்சம் அபராதம். அதை விடுங்கள், ஒன்பது மணி ஆட்டத்துக்குக் காத்திருக்கிற நம் ஊர்க்காரன் எத்தனையோ வருடம் பொத்தி வைத்த ஆசையை ஒரு பதினைந்து வினாடி வீடியோ கெடுத்துவிடும்.

விளக்கு அணைந்தது. முதல் பாகத்தில் வந்த அந்தப் புல்லாங்குழல் இசை இருட்டில் தனியாக வந்தது. திரையில் இன்னும் ஒன்றுமே இல்லை. அதற்கே மொத்தத் தியேட்டரும் எழுந்துவிட்டது. என் பக்கத்தில் இருந்த பெண் பாலக்காட்டுக்காரர், முன்பின் தெரியாதவர். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. முதல் பாகம் பார்த்தபோது எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) இருந்தார், இப்போது இல்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் கோயமுத்தூரில் 1914-ல் கட்டிய வெரைட்டி ஹால் பற்றி, தன் அப்பா சொல்லக் கேட்ட கதைகளை எனக்குச் சொல்லிச் சினிமா ஆசையை ஊட்டியவர் அவர். அந்தப் பெண்ணுக்கும் இப்படி யாராவது இருந்திருக்கலாம். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் இது கிடைக்காது. அதற்காகத்தான் இத்தனை பாடும்.

வெளியே வந்தபோது வேன்கார அண்ணா முகம் கழுவி, திருநீறு பூசி, தூங்கி எழுந்த முகத்தோடு நின்றிருந்தார். வண்டியை வெளியே பார்த்து முன்னமே திருப்பி நிறுத்தியிருந்தார், அதனால் பார்க்கிங்கில் ஒரு நிமிடம் கூட மாட்டவில்லை. கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், கிழக்கு வெயிலுக்கு. பாம்பாம்பள்ளம் டோல் தாண்டியதும் எங்களில் ஒருத்தி தாங்க முடியாமல், "அண்ணா, கடைசியில என்ன ஆகுது தெரியுமா..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லிப்போடாதீங்க அம்மிணி" என்றார் அவசரமாக. "ஞாயித்துக்கெழம எம்பட ஊட்டுக்காரியக் கூட்டிட்டுப் போறனுங்க. டிக்கெட் போட்டாச்சு."

அவிநாசி வரும்வரை நாங்கள் ஐந்து பேரும் பாட்டுகளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு வந்தோம். அவரும் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டே வந்தார்.